வீட்டு அறையில் கண்ணாடி மணி, நகைப் பட்டறை: எதிலிருந்து தொடங்குவது?

நூல்கோர்வை

வணக்கம். மணி கோர்ப்பதும் பாலிமர் களிமண்ணில் மணி உருட்டுவதும் இத்தனை நாள் கூடத்து மேஜை ஓரத்திலேயே நடந்துகொண்டிருந்தது. செய்கிற நேரத்தைவிட எடுத்து வைக்கிற நேரம்தான் அதிகம். இப்போது வீட்டில் ஒரு அறை காலியாகிறது. பத்துக்கு ஒன்பது அடி, தரைத்தளம், வெளிச்சுவரில் ஒரே ஒரு ஜன்னல். முழுக்க எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

ஒரு பயிற்சி வகுப்பில் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்யக் கற்றுக்கொண்டேன். இனி அதையும் வீட்டிலேயே செய்ய வேண்டும். போகப்போக வெள்ளிக் கொக்கி, வளையம் எல்லாம் நானே பற்றவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆசைகள் நிறைய, அறை ஒன்றுதான்.

மூன்று கேள்விகள். எந்த பர்னர் வாங்கலாம்? மணியைப் பதமாக ஆறவைக்கும் சூளையைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கினால் ஆகாதா? மேஜையை ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொண்டால் காற்றோட்டத்துக்குப் போதுமா?

நீலச்சுடர்

உங்கள் மூன்றாவது கேள்விதான் முதலில் வர வேண்டியது. போதாது.

சுடர் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வரும். முன்னதற்கு மணமே கிடையாது. அதோடு வண்ணக் கண்ணாடியில் இருக்கிற உலோகங்களின் ஆவி, வெள்ளித் தகடு ஒட்டினால் அதன் ஆவி. இவ்வளவும் சூடான காற்றோடு நேரே மேலே எழும். நீங்கள் குனிந்து வேலை செய்வதால் உங்கள் முகம் அது போகிற வழியில்தான் இருக்கிறது. ஜன்னல் திறந்திருந்தால் அறையின் காற்று கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். முகத்துக்கு வருவதற்கு முன்னால் அதைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். அதற்கு பர்னருக்கு மேலே ஹூட் (புகையைப் பிடிக்கும் தகட்டுக் கூடு), குழாய், எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் வேண்டும்.

சுடரில் வேலை செய்கிறவர்கள் பரவலாக வைத்துக்கொள்ளும் கணக்கு இது: ஹூட் முகப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் நிமிடத்துக்கு 100 முதல் 125 கன அடி காற்று இழுபட வேண்டும். மூன்றுக்கு இரண்டு அடி ஹூட் என்றால் ஆறு சதுர அடி, ஆக 600 முதல் 750 கன அடி. ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் குழாய் எதுவும் மாட்டாமல் அளந்தது. குழாயில் ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். மடங்கி நீளும் குழாயின் உள்பக்கம் வரிவரியாக இருப்பதால் அது இன்னும் குறைக்கும். வழவழப்பான உலோகக் குழாய், குட்டையாக, முடிந்தவரை நேராகப் போகட்டும். ஹூட்டின் மூன்று பக்கமும் தகடு வைத்துக் கீழே இறக்கிவிட்டால் அதே ஃபேன் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

இன்னொரு பாதியைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். அறையைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் அது வெறுமே சத்தம் போடும். உங்களுக்கு இருப்பது ஒரே ஜன்னல் என்பதால் அதன் மேல் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடித்து அதன் வழியே குழாயை வெளியே விடுங்கள். உள்ளே வரும் காற்று கதவுப் பக்கமிருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரட்டும். முதுகைத் தாண்டி, சுடரைத் தாண்டி, ஹூட்டுக்குள் போக வேண்டும். ஜன்னலின் கீழ்ப் பாதியைத் திறந்து வைத்தால் தள்ளிய புகையே திரும்பி உள்ளே வரும்.

வீட்டில் கேஸில் எரியும் வெந்நீர் ஹீட்டர் இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள். பெரிய ஃபேன் வீட்டுக் காற்றை இழுக்கும்போது அந்த ஹீட்டரின் புகையும் அதன் குழாய் வழியே வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பலாம்.

அரைவட்டம்

எனக்கு இது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. ஆக்சிஜன் சேர்க்காத ஒற்றை கேஸ் பர்னரில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு மேஜை ஃபேன் வைத்து, வருடக்கணக்காகச் செய்கிறேன். ஆரம்பிக்கிற ஆளிடம் 750 கன அடி என்றால் பயந்து ஓடிவிடுவார்கள். சின்னதாகத் தொடங்கட்டும், பிடித்துப்போனால் ஹூட் போடட்டும்.

நீலச்சுடர்

சின்னதாகத் தொடங்குவது சரி, ஆனால் குறைப்பதை வேறு எங்காவது குறைக்கலாம். மேஜை ஃபேன் புகையை அகற்றுவதில்லை, அறை முழுக்கக் கலக்கித்தான் விடுகிறது. அது போதாதென்று சுடரையும் அலைக்கழிக்கும், மணி ஒரு பக்கம் ஆறி வெடிக்கும். நீங்கள் நலமாக இருப்பது சந்தோஷம். ஆனால் உங்கள் அறையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அலாரம் வைத்துப் பார்த்ததுண்டா?

அரைவட்டம்

இல்லை. அலாரம் வாங்கலாம், அதில் எனக்கு வாதமில்லை. ஹூட் விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை!

சாமணம்

வெள்ளி வேலை பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நூல்கோர்வை, நீங்கள் பின்னால் பற்றவைப்பும் செய்யப்போவதாக இருந்தால் அதே ஹூட்டுக்குக் கீழேயே இரண்டுக்கும் இடம் விடுங்கள். பற்றாசு ஓடி ஒட்டுவதற்குத் தடவும் வெண்காரமோ வேறு ஃப்ளக்ஸோ, அதன் புகையும் மூச்சுக்கு ஆகாது. காட்மியம் கலந்த பற்றாசு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். வாங்கும்போதே காட்மியம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பற்றவைத்த வெள்ளியைச் சுத்தம் செய்கிற அமிலக் கரைசல் வேறொரு தொல்லை. சிட்ரிக் அமிலமே போதும், வெதுவெதுப்பாக வைத்தால் வேலை செய்யும். வேறு எந்த அமிலம் கலந்தாலும் தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. அதன் ஆவி பட்டால் இரும்புக் கருவிகள் துருப்பிடிக்கும். ஆகவே அந்தப் பாத்திரத்தை மூடி போட்டு, குறடு, அரம் வைக்கிற இடத்திலிருந்து தூரமாக வையுங்கள். உள்ளேயிருந்து எடுக்கச் செம்புச் சாமணமோ பிளாஸ்டிக் சாமணமோதான். இரும்புச் சாமணத்தை விட்டால் கரைசலில் இருக்கும் செம்பு உங்கள் வெள்ளிமேல் போய்ப் படிந்து, பளபளவென்று இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாக வெளியே வரும்.

நூல்கோர்வை

நீலச்சுடர், எங்கள் வீட்டில் வெந்நீருக்கு மின்சார ஹீட்டர்தான். அப்பாடா. கதவுப் பக்கமிருந்து காற்று வரும்படி செய்துவிடலாம்.

கேஸ் சிலிண்டரை மேஜைக்கு அடியில் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். பதிலைப் படித்த பிறகு கேட்கவே பயமாக இருக்கிறது.

நீலச்சுடர்

பயப்பட வேண்டாம், ஆனால் மேஜைக்கு அடியில் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். சிலிண்டர் சுவருக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி, சாயாமல் கட்டி வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் சாக்கடை வாயோ குழியோ இருக்கக் கூடாது. அங்கிருந்து ரெகுலேட்டர், பிறகு சுவர் வழியே குழாய். ரப்பர் குழாய் எல்பிஜிக்கு என்றே செய்ததாக இருக்கட்டும். அசிட்டிலீனுக்கு மட்டும் ஆன குழாயை இந்த கேஸ் நாளடைவில் அரித்துவிடும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வேலை முடிந்ததும் பர்னரை மட்டுமல்ல, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டு, குழாயில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்துவிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்காது. கசிவுக்கான கருவி வேறு, அதைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். இரண்டும் வாங்குங்கள்.

வாடகை வீடா, காப்பீடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் சுவரில் ஓட்டை போட முடியாது!

பாசிக்கூடை

எல்லோரும் நெருப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு மாலைக்கு நெருப்புக்கு முன்னால் உட்காரும் நேரத்தைவிட ஊசிக்கும் குறட்டுக்கும் முன்னால் உட்காரும் நேரம்தான் அதிகம். நான் சுடர் பக்கமே போகாதவள், கோர்ப்பது மட்டும்தான். அந்த மேஜைக்காகவும் கொஞ்சம் பேசுகிறேன்.

அறையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள் அக்கா. ஜன்னல் பக்கம் சூடும் தூசும் உள்ள வேலை, கதவுப் பக்கம் சுத்தமான வேலை. நூல், பட்டு, முத்து, அட்டைப்பெட்டி எதுவும் ஜன்னல் பக்கம் போகக் கூடாது. முத்துக்கு அமிலமும் ஆகாது, சூடும் ஆகாது. உங்கள் பாலிமர் களிமண்ணும் இந்தப் பக்கம்தான். தூசு பட்டால் வெள்ளை மணியில் புள்ளி புள்ளியாகத் தெரியும், உங்களுக்கே தெரிந்திருக்கும்.

விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் (சிஆர்ஐ) 90-க்கு மேல், பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் அளவில், இடது வலது இரண்டு பக்கமிருந்தும் வரும்படி இரண்டு விளக்குகள். ஒரே விளக்கு என்றால் உங்கள் கை நிழலிலேயே வேலை செய்வீர்கள். மஞ்சள் விளக்கில் பொருத்திய இரண்டு நீல மணிகள் காலையில் வேறு வேறு நீலமாகத் தெரியும்.

மேஜைமேல் கொஞ்சம் சொரசொரப்பான துணி விரியுங்கள். 11/0 என்ற அளவுள்ள சிறுமணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். வழுக்கும் மேஜையிலிருந்து ஒரு டப்பா கொட்டினால் அன்றைய பொழுது தரையில்தான்.

கம்பிக்கும் ஒரு விஷயம். தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்க அளவில் 20 கேஜ் 0.81 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் அதே 20 கேஜ் 0.91. காதில் போடும் கொக்கிக்கு முதலாவது பொருந்தும், இரண்டாவது சிலருக்கு வலிக்கும். மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள்.

நூல்கோர்வை

இரண்டாகப் பிரிக்கிற யோசனை பிடித்திருக்கிறது. கண்ணாடி மணி கனமாயிற்றே, என் நைலான் நூல் தாங்குமா?

பாசிக்கூடை

கண்ணாடி மணிக்கு நைலான் பூசிய எஃகுக் கம்பிதான் நல்லது. உள்ளே 49 இழை உள்ளது நன்றாக வளையும், 7 இழை விறைப்பாக நின்று மடிந்த இடத்தில் அப்படியே நிற்கும். கனமான மணிக்கு 0.45 மில்லிமீட்டருக்கு மேல் பாருங்கள்.

கம்பியின் முனையை நசுக்கிப் பூட்டும் சின்ன உலோக மணியான கிரிம்ப் போடும்போது அவசரப்படாதீர்கள். குழாய் மாதிரி உள்ள கிரிம்ப்பில் இரண்டு கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். கிரிம்ப் குறட்டின் உள்பள்ளத்தில் வைத்து முதலில் அழுத்தினால் நடுவில் ஒரு வரி விழும், இரண்டு கம்பியும் வரிக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக அடைந்திருக்கும். பிறகு தொண்ணூறு டிகிரி திருப்பி, முன்பள்ளத்தில் வைத்து அழுத்தினால் அது மடிந்து உருண்டையாகும். கம்பிகள் ஏறியிருந்தால் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இருக்காது, இழுத்தால் உருவிக்கொண்டு வரும். இழுத்துப் பார்க்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், நீங்கள் செய்யப்போகும் மணியின் துளை ஓரம். சுடர் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனித்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

நீலச்சுடர்

உண்மை. கண்ணாடி, அதைச் சுற்றி உருட்டும் மான்ட்ரல் கம்பியைத் தொடும் இடத்தில் உள்பக்கமாகக் குழிந்து முடிய வேண்டும். முதலில் சுற்றும் கண்ணாடியின் அகலத்துக்கு ஏற்ற அளவு கண்ணாடியை மேலே ஏற்றினால், உருகும்போது பரப்பு இழுவிசையே அதை உருட்டி, இரண்டு முனையையும் குழித்துவிடும். கண்ணாடி குறைவாக இருந்தால் முனைகள் மெல்லிய தகடாக, கத்தி மாதிரி நிற்கும். அந்த மணி நூலை மட்டுமல்ல, கம்பியின் நைலானையும் அறுக்கும்.

மணி கம்பியிலிருந்து கழன்று வருவதற்காகக் கம்பியில் பூசி, பிறகு துளைக்குள் ஒட்டியிருக்கிற களிப்பூச்சை வைரத்தூள் ஒட்டிய ஊசியால் சுரண்டும்போது மணியைத் தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பூச்சை மாவாக வாங்கிக் கலப்பதாக இருந்தால் முகமூடி போடுங்கள்.

நூல்கோர்வை

சரி, சூளை? மணியை வெர்மிகுலைட் என்ற, சூட்டைத் தாங்கும் தாதுத் துகளில் புதைத்து ஆறவிட்டால் போதும் என்று வகுப்பிலேயே ஒருவர் சொன்னார். சூளை வாங்கிவிட்டால் ஹூட்டுக்கு எதுவும் மிஞ்சாது, அதனால்தான் கேட்கிறேன்.

அரைவட்டம்

போதும். நான் அப்படித்தான் செய்கிறேன். சின்ன மணி எதுவும் உடைந்து திரும்பி வந்ததில்லை.

நீலச்சுடர்

வெர்மிகுலைட் செய்வது ஒரே வேலை: மணி சட்டென்று ஆறாமல் பார்த்துக்கொள்கிறது. அது அனீலிங் ஆகாது. மணியின் வெளிப்புறமும் உள்புறமும் ஒரே சூட்டில் கொஞ்ச நேரம் நின்றால்தான் உள்ளே பூட்டிக்கொண்ட இறுக்கம் தளரும். சாதாரண மென்கண்ணாடிக்கு, அதாவது சூட்டில் எவ்வளவு விரியும் என்று சொல்லும் விரிவுக் குணகம் 104 உள்ளதற்கு, அது ஏறக்குறைய 510 டிகிரி செல்சியஸ். சின்ன மணி என்றால் அரை மணி நேரம் வைத்து, பிறகு ஒரு மணி நேரத்துக்கு 60 டிகிரிக்கு மேல் போகாமல் 370 வரை இறக்கி, சூளையை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டுவிடலாம். போரோசிலிகேட் என்னும் கடினக் கண்ணாடிக்கு 565 டிகிரி அளவில் வைக்க வேண்டும். அனீல் செய்யாவிட்டால் சில மணி அன்றே வெடிக்கும், சில வாங்கியவர் கழுத்தில் கிடக்கும்போது மாதங்கள் கழித்து இரண்டாகும்.

அரைவட்டம் சொல்வதில் பாதி சரி. சின்ன, உருண்டையான, ஒரே நிற மணிகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். தட்டையானது, நீளமானது, இலை மாதிரி முனை நீண்டது தாங்காது. ஒரு வழி இருக்கிறது: செய்த மணிகளை வெர்மிகுலைட்டில் ஆறவைத்துச் சேர்த்து வைத்து, சூளை வைத்திருப்பவரிடம் கொடுத்து ஒரே தடவையாக அனீல் செய்து வாங்கலாம். மெதுவாகச் சூடேற்ற வேண்டும், அவ்வளவுதான். விற்பதை மட்டும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

சாமணம்

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. போலராய்டு ஃபில்டர் இரண்டு எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வெளிச்சம் முழுக்க அடைபடும் வரை ஒன்றைத் திருப்புங்கள். நடுவில் ஒளி ஊடுருவும் மணியை வைத்துப் பாருங்கள். இறுக்கம் உள்ள இடம் இருட்டில் பளிச்சென்று ஒளிரும். ஒளி புகாத நிறங்களுக்கு இது உதவாது.

அரைவட்டம்

செய்து பார்த்தேன். தெளிந்த கண்ணாடி மணி நாலில் மூன்று ஒளிர்கிறது, துளையைச் சுற்றிச் சிலுவை மாதிரி. சூளை பற்றி இனி வாயைத் திறக்கவில்லை.

நூல்கோர்வை

சூளையை ஆள் பிடித்துக் கடன் வாங்குகிறேன். கண்ணுக்கு? வெல்டிங் கடைக் கருப்புக் கண்ணாடி ஒன்று வீட்டில் இருக்கிறது.

நீலச்சுடர்

கருப்புக் கண்ணாடி போட்டால் சுடரும் தெரியாது, மணியும் தெரியாது. சூடேறிய கண்ணாடியிலிருந்து வரும் சோடியத்தின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டரில் இருக்கிறது. அதை மட்டும் வடிகட்ட டிடிமியம் கண்ணாடி வேண்டும். போட்டுப் பாருங்கள், ஆரஞ்சுத் திரை விலகி மணியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஆனால் அகச்சிவப்பை டிடிமியம் தடுப்பதில்லை. போரோசிலிகேட்டுக்கோ பெரிய துண்டுகளுக்கோ போகிற நாளில் அகச்சிவப்பையும் தடுக்கிற வேறு கண்ணாடி வாங்க வேண்டும்.

உடை பருத்தி. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கண்ணாடிக் குச்சியைச் சுடருக்குள் சட்டென்று நீட்டினால் முனை தெறிக்கும், அதனால் சட்டைக் கழுத்து மூடியிருக்கட்டும், கூந்தல் கட்டியிருக்கட்டும். மேஜைமேல் சிமென்ட் பலகையோ எஃகுத் தகடோ. தீயணைப்பான் கதவுப் பக்கம் இருக்கட்டும். சுடருக்குப் பின்னால் வைத்துவிட்டு அவசரத்தில் சுடரைத் தாண்டிக் கை நீட்ட முடியாது.

பாசிக்கூடை

பாலிமர் களிமண்ணை எதில் சுடுகிறீர்கள்? சமையல் அடுப்பிலா?

நூல்கோர்வை

சின்ன மின் அடுப்பில்தான். அதில் சமையல் செய்வதில்லை. புது அறைக்குக் கொண்டுபோய்விடலாமா?

பாசிக்கூடை

கொண்டுபோங்கள், ஆனால் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். அந்த அடுப்புகளின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒத்துப்போவது அபூர்வம். பெரும்பாலான களிமண்ணுக்கு 110 முதல் 150 வரை, பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு. அது பிவிசி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூக்கை எரிக்கும். வேகாத களிமண்ணை எந்த டப்பாவில் வேண்டுமானாலும் போடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது இளக்கி ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் டப்பா பாதுகாப்பானது.

நூல்கோர்வை

இதுவரை நான் போட்டுக்கொண்ட திட்டம்: முதலில் ஹூட், குழாய், ஃபேன், அலாரம் இரண்டு. பிறகு சிலிண்டர் வைக்க வீட்டுக்கு வெளியே மேடை. பிறகு டிடிமியம், பர்னர். வெள்ளி வேலைக்கு ஹூட்டுக்குக் கீழே இரண்டடி காலியாக விடுகிறேன், அமிலக் கரைசல் இப்போதைக்கு இல்லை. சூளைக்கு ஒரு மின்இணைப்பு மட்டும் தனியாக இழுத்து வைக்கிறேன். பர்னர் ஒற்றை கேஸா, ஆக்சிஜனோடா?

நீலச்சுடர்

மின்இணைப்பு தனியாக இழுப்பது நல்லது. 1500 வாட் சூளை 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. அதே வரியில் ஃபேனும் விளக்கும் இருந்தால் என்றாவது நடுவேலையில் எல்லாம் ஒன்றாக அணையும்.

பர்னரைப் பொறுத்தவரை ஒற்றை கேஸிலேயே தொடங்குங்கள். மெதுவாக உருகும், இரைச்சல் போடும், ஆனால் கை படிய அந்த மெதுவே உதவும். பிறகு ஆக்சிஜன் வேண்டுமென்றால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று சின்ன பர்னருக்குப் போதும், சிலிண்டர் தூக்க வேண்டாம். அப்போது ஒழுங்கு இது: பற்றவைக்கும்போது முதலில் கேஸ், பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு கேஸ். ஆக்சிஜன் பக்க இணைப்பில் எண்ணெய், கிரீஸ் ஒரு துளிகூட ஆகாது.

அரைவட்டம்

கண்ணாடிக் குச்சி வாங்கும்போது ஒரே குணகத்தில் வாங்குங்கள். 104-ஐயும் 90-ஐயும் ஒரு மணியில் கலந்தால் ஆறும்போது பிளந்துகொள்ளும், சூளையும் காப்பாற்றாது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் குச்சியை வெட்டும்போதே ஒவ்வொரு துண்டிலும் சீட்டு ஒட்டுங்கள்.

ஐவரி (தந்த நிறம்), டர்க்காய்ஸ் (பசுநீலம்) நிறக் குச்சிகளை முதலிலேயே எடுத்து வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தொடும் இடத்தில் தானாகவே ஒரு கருங்கோடு விழும். டர்க்காய்ஸில் செம்பு இருக்கிறது, ஐவரியில் கந்தகம், இரண்டும் சேர்ந்து செய்கிற வேலை அது. சுடரின் கேஸ் அதிகமானால் டர்க்காய்ஸ் மேலே செந்நிறமாகச் செம்பு படரும். அப்படி வந்தால் பர்னருக்கு இன்னும் காற்று வேண்டும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

நூல்கோர்வை

அப்படியென்றால் அந்த இரண்டு நிறமும், தெளிந்த கண்ணாடியும், கருப்பும் மட்டும் முதலில். தகடு வெட்டுகிறவரை நாளை வரச் சொல்லியிருக்கிறேன். ஹூட்டின் கீழ் விளிம்பு மேஜையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

நீலச்சுடர்

உட்கார்ந்து வேலை செய்யும் நிலையில் உங்கள் நெற்றி இடிக்காத அளவுக்கு, அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம். தகடு வெட்டும் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அளந்துவிடுங்கள். ஃபேனை மாட்டியதும் ஊதுபத்தி ஒன்றைப் பொருத்தி பர்னர் இருக்கப்போகும் இடத்தில் பிடியுங்கள். புகை ஹூட்டுக்குள் வளையாமல் போக வேண்டும். உங்கள் பக்கம் திரும்பினால் பக்கத் தகட்டை இன்னும் கீழே இறக்கச் சொல்லுங்கள்.